பழைய நிலைக்கு மீளும் பதிவேடுகள்

மருத்துவமனை, வங்கி, ரயில்வே, பத்திரப் பதிவு, ஓய்வூதியம் முதலிய துறைகளில் காகிதப் பதிவேடுகள் வகித்த இடத்தை இன்று கணிப்பொறியின் தரவுத்தளங்கள் பெற்றுவிட்டன. இவற்றைப் பரிசீலிக்க வரும் தணிக்கையாளர் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “காப்புப் பிரதி ஒழுங்காக எடுக்கப்படுகிறதா?” என்பதே அது. “நாள்தோறும் எடுக்கப்படுகிறது” என்ற விடையும் தவறாது கிடைக்கிறது. படிவத்தில் உரிய கட்டத்தில் குறியும் இடப்படுகிறது. ஆனால் இது பாதிக் கேள்வியே என்பது நமது கருத்து. அப்பிரதியிலிருந்து பதிவேட்டைக் கடைசியாக மீட்டுப் பார்த்தது எப்பொழுது? அதற்கு எத்தனை மணி நேரம் பிடித்தது? மீட்டபின் எந்த நேரத்துக்குரிய பதிவுகள் இல்லாது போயின? அப்பதிவுகளுக்கு உரியவர்களிடம் அதனைச் சொல்ல வேண்டியவர் யார்? இக்கேள்விகள் பெரும்பாலும் கேட்கப்படாமலே நின்றுவிடுகின்றன. முதல் மூன்றும் பொறியியலைச் சார்ந்தவை. நான்காவது ஆட்சிமுறையைச் சார்ந்தது. ஆயினும் ஒன்றை விட்டு ஒன்றைத் தீர்க்க இயலாது.

நம் நாட்டு வணிகர்களின் கணக்கு முறையை அறிந்தவர்களுக்குத் தரவுத்தளத்தின் உள்ளமைப்பு முற்றிலும் புதியதன்று. அன்றாட வரவும் செலவும், நிகழ்ந்த வரிசையிலேயே, முதலில் சிட்டையில் ஏறுகின்றன. பிறகுதான் ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பேரேட்டில் பதியப்படுகின்றன. பேரேடு தீக்கிரையாயினும் கணக்கர் கலங்குவதில்லை. சென்ற ஆண்டு முடிவில் எடுத்த ஐந்தொகையும் அதன்பின் எழுதிய சிட்டைகளும் கையிலிருந்தால், பேரேடு முழுவதையும் அவர் மீண்டும் எழுதிவிடுவார். தரவுத்தளமும் இவ்வாறே இயங்குகிறது. எந்த மாற்றமும் தரவுப் பக்கத்தில் நிலைபெறுவதற்கு முன்னர், பொறியாளர்கள் ‘லாக்’ என்று வழங்கும் நடப்புப் பதிவில் எழுதப்பட்டு வட்டில் நிலைபெற்றாக வேண்டும் என்பது அதன் தலையாய விதி. இவ்விதியின்மேல் எழுந்த மீட்புமுறைகளுள் பெரும் புகழ் பெற்றது ‘ஏரீஸ்’ என்பது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய சி. மோகனும் அவருடைய சகாக்களும் 1992-ஆம் ஆண்டில் இதனை விரிவாக வெளியிட்டனர். விபத்து நேர்ந்தபின் நடப்புப் பதிவை முதலில் ஆராய்வது, அதில் கண்டவற்றை வரிசை பிறழாது மறுபடி நிகழ்த்துவது, கடைசியாக முற்றுப்பெறாது நின்ற காரியங்களை மட்டும் திரும்பப் பெறுவது என்பன அதன் மூன்று படிகள். முற்றுப்பெறாதவற்றையும் ஒருமுறை நிகழ்த்திவிட்டுப் பின்பு நீக்குவது வீண் வேலைபோல் தோன்றும். ஆனால் நடந்ததை நடந்தவாறே திரும்ப நடத்திப் பார்ப்பதனால்தான், விபத்து நேர்ந்த கணத்தில் தரவுத்தளம் எந்நிலையில் இருந்ததோ அந்நிலை ஐயமின்றிக் கிட்டுகிறது.

மின்சாரம் திடீரென நின்றுபோனால் தரவுத்தளம் இம்முறையினால் தன்னைத் தானே சீர்செய்துகொள்கிறது. அதற்கு மனிதர் துணை வேண்டுவதில்லை. நாம் இங்குக் கருதுவது அதனினும் கடினமான நிலைமையை. வட்டே அழிந்துபோகலாம், அல்லது, வட்டு நன்றாகவே இருந்தும் அதிலுள்ள செய்தி கெட்டுப்போகலாம். அப்பொழுது பழைய முழுப் பிரதியை வைத்துத் தொடங்கி, அதன்பின் சேர்ந்த நடப்புப் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிக்கொண்டே வந்து, விரும்பிய கணத்தில் நிறுத்த வேண்டும். ஞாயிறு இரவில் எடுத்த பிரதியையும் மூன்று நாள் நடப்புப் பதிவுகளையும் கொண்டு புதன்கிழமை காலை 10 மணி 41 நிமிடத்து நிலைமையை அவ்வாறே தோற்றுவித்துவிடலாம். பெரிய வணிகத் தரவுத்தளங்களில் முன்னரே இருந்த இவ்வசதி, எவரும் விலையின்றிப் பயன்படுத்தக்கூடிய ‘போஸ்ட்கிரெஸ்’ தரவுத்தளத்தில் 2005-ஆம் ஆண்டு வெளிவந்த 8.0 பதிப்பு முதல் கிடைத்து வருகிறது. ஆகவே, பணமில்லை என்று கூறி எந்த அலுவலகமும் இதனைத் தவிர்க்க நியாயமில்லை. ஒன்றுமட்டும் நினைவிற் கொள்ளத்தக்கது. நடப்புப் பதிவின் கோவையில் ஒரு துண்டு காணாமற் போயினும் மீட்பு அவ்விடத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிற்பட்ட துண்டுகள் நூறு இருந்தாலும் பயனில்லை.

இவ்விடத்தில், நிர்வாகிகள் பலரிடம் வேரூன்றியுள்ள ஓர் எண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். “எங்களிடம் இரண்டாவது நகரில் இணைத் தரவுத்தளம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே பிரதி பற்றிக் கவலை இல்லை” என்பார்கள். இணைத் தரவுத்தளம் என்பது முதன்மைத் தரவுத்தளத்தில் நிகழும் யாவற்றையும் உடனுக்குடன் பின்பற்றுவது. கட்டடம் இடிந்தாலும் வட்டு பழுதானாலும் அது கைகொடுக்கும். ஆனால் ஒரு குமாஸ்தா தவறாகக் கொடுத்த அழிக்கும் கட்டளையையும் அது சில விநாடிகளில் அப்படியே பின்பற்றிவிடும்! பழைய கணம் ஒன்றுக்குத் திரும்பும் ஆற்றல் அதற்கு இல்லை.

பிரதிகள் இருந்தும் அவை உதவாமற்போன வரலாறுகள் பல உண்டு. அவற்றுள், தன் குறையை ஒளியாது உலகுக்கு விரித்துரைத்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் எழுதுவோர் தம் ஆக்கங்களை வைத்துப் பேணும் ‘கிட்லாப்’ என்னும் நிறுவனத்தில், 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி இரவு, முதன்மைத் தரவுத்தளத்துக்கும் துணைத் தரவுத்தளத்துக்கும் இடையே நகலாக்கம் தடைப்பட்டது. துணைக் கணிப்பொறியை வெறுமையாக்கி நகலாக்கத்தைப் புதிதாகத் தொடங்க எண்ணிய பொறியாளர் ஒருவர், அதற்குரிய கட்டளையை முதன்மைக் கணிப்பொறியிலேயே கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள், சுமார் 300 கிகாபைட் அளவிருந்த தரவில் எஞ்சியது 4.5 கிகாபைட் மட்டுமே.

காப்புமுறைகள் அங்குப் பல இருந்தன. நாள்தோறும் முழுப் பிரதி ஒன்று தானே எடுக்கப்பட்டுத் தொலைவிலுள்ள கிடங்குக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. கிடங்கைத் திறந்து பார்த்தபோது அது வெறுமையாக இருந்தது. தரவுத்தளமோ 9.6 பதிப்பைச் சேர்ந்தது. பிரதி எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பைச் சேர்ந்தது. பொருந்தாமையால் ஒவ்வொரு நாளும் அவ்வேலை தோல்வியுற்று வந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் உரிய அடையாளக் குறி இல்லாமையால் வாயிலிலேயே மறுக்கப்பட்டு வந்தன. வட்டினை அவ்வப்போது படம்பிடித்தாற்போல் பதிந்துவைக்கும் வேறொரு வசதி, தரவுத்தளக் கணிப்பொறிகளுக்கு மட்டும் இயக்கப்படாமலே இருந்தது. இறுதியில் காப்பாற்றியது யாதெனில், வேறொரு சோதனை வேலைக்காக ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாகக் கையால் எடுத்துவைத்திருந்த பிரதியே. அதனை மெதுவான வட்டுகளிலிருந்து திரும்பக் கொணர்ந்து சேர்க்கப் பதினெட்டு மணி நேரம் ஆயிற்று. ஆறு மணி நேரத்துக்குரிய பதிவுகள் மீளவில்லை. சுமார் 5,000 திட்டப் பதிவுகளும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனாளர் கணக்குகளும் இழக்கப்பட்டன என்று அந்நிறுவனமே மதிப்பிட்டு அறிவித்தது. மீட்பு வேலையைப் பொதுமக்கள் நேரில் காணுமாறு ஒளிபரப்பவும் செய்தது. நம் அலுவலகங்கள் எதிலாவது இத்தகைய வெளிப்படை நிகழுமா என்று நினைத்துப் பார்ப்பது வாசகர்களுக்கே விடப்படுகிறது.

அம்மீட்பின்போது செய்யப்பட்ட சிறு காரியம் ஒன்று பலர் கவனத்தில் படவில்லை. தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் ஒன்று தானே வழங்கப்படுகிறது அன்றோ? ஆறு மணி நேரம் பின்னோக்கிச் சென்றால் வரிசை எண்ணும் பின்னோக்கிச் சென்றுவிடும். அவ்விடைவேளையில் ஒருவருக்கு வழங்கப்பட்ட எண், மீட்புக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படும். இதனைத் தவிர்க்கும் பொருட்டு, சேவையைத் திரும்பத் திறப்பதற்கு முன், எல்லா வரிசை எண்களையும் 1,00,000 கூட்டி முன்னே தள்ளிவைத்தனர்.

இஃது ஏன் முக்கியம் என்பதை அறிய ஒரு மாவட்ட மருத்துவமனையைக் கற்பனை செய்வோம். காலை பத்து மணிக்கு ஒரு மூதாட்டியின் இரத்தம் எடுக்கப்படுகிறது. குப்பியின்மேல் ஓர் எண் ஒட்டப்படுகிறது. அதே எண் அச்சிட்ட சீட்டு அவர் கையில் கொடுக்கப்படுகிறது. பிற்பகலில் கணிப்பொறி பழுதாகிறது. பொறியாளர்கள் திறமையாக உழைத்து முந்தைய இரவின் நிலைக்குத் தரவுத்தளத்தை மீட்டுவிடுகின்றனர். மாலையில் வரும் இன்னொரு நோயாளிக்குப் பதிவேடு அதே எண்ணை வழங்குகிறது. இப்பொழுது ஆய்வுக்கூடத்தில் ஒரே எண்ணுடைய குப்பிகள் இரண்டு இருக்கின்றன. கணிப்பொறியின் கண்ணோட்டத்தில் பிழை ஏதும் இல்லை. அது தனக்குத் தெரிந்த வரிசையைத் தொடர்ந்தது. மூதாட்டிக்கோ மற்றவருடைய முடிவு போய்ச் சேரலாம். அதன்படி மருந்தும் மாறலாம்.

தரவுத்தளம் பின்னோக்கிச் செல்லும், உலகம் செல்லாது. இவ்வேறுபாட்டிலிருந்தே மீட்பின் பிற சிக்கல்கள் யாவும் கிளைக்கின்றன. கொடுத்த மருந்து உடலை விட்டு வராது. அனுப்பிய குறுஞ்செய்தியைத் திரும்பப் பெற இயலாது. வங்கிக்குச் சென்ற பணக் கட்டளை நிறைவேறியே தீரும். அனுப்பியவரின் பதிவேட்டில் அதன் சுவடு மட்டும் இல்லாது போய், அடுத்த நாள் அதே தொகை மறுபடியும் அனுப்பப்படும். பதிவேட்டை நம்பி இயங்கும் பிற பதிவேடுகளும் உண்டு: மருத்துவமனை பழைய கணத்துக்குத் திரும்பினாலும் காப்புறுதி அலுவலகத்தின் ஏடு திரும்புவதில்லை. பெயர்பெற்ற வணிகத் தரவுத்தளமாகிய ‘ஆரக்கிள்’, இவ்வாறு பழைய நிலையிலிருந்து திறக்கப்படும் ஒவ்வொரு புதிய தொடக்கத்தையும் ‘அவதாரம்’ எனப் பொருள்படும் சொல்லால் குறிக்கிறது. ‘போஸ்ட்கிரெஸ்’ அதனைப் புதிய காலக்கோடு என்று எண்ணிடுகிறது. முந்தைய அவதாரத்தின் நடப்புப் பதிவுகள் புதிய அவதாரத்தோடு கலந்துவிடாமல் காக்கவே இவ்வேற்பாடு. கணிப்பொறி தன் கிளைகளைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. அதே கணக்கை வெளியுலகுக்கும் வைக்க வேண்டியவர்கள் மனிதர்களே.

நம் நாட்டில் யாவரும் அறிந்த நிகழ்ச்சிக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி, புது டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறிகள் விஷமிகளால் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்று அரசாங்கம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வலையமைப்பு தக்கவாறு பகுத்து வைக்கப்படாமையே ஊடுருவலுக்கு இடமளித்தது என்பது விசாரணையின் முடிவு. பதிவு, அனுமதி, விடுவிப்பு ஆகிய வேலைகள் யாவும் கைப்பட எழுதும் முறைக்குத் திரும்பின. பெரும்பாலான சேவைகள் மீள இரண்டு வாரங்கள் பிடித்தன. இதிலும் ஆறுதல் ஒன்று உண்டு. தாக்குதலுக்கு உட்படாத காப்புச் சர்வர் ஒன்றிலிருந்து ‘இ-ஹாஸ்பிடல்’ தரவு முழுவதும் எடுக்கப்பட்டுப் புதிய சர்வர்களில் நிறுவப்பட்டது. “புதிய” என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஊடுருவியவர் எத்தனை நாளாக உள்ளே இருந்தார் என்பது உறுதியாகத் தெரியாதபோது, பழைய கணிப்பொறியை அப்படியே பழைய நிலைக்குத் திருப்பினால் அவரையும் கூடவே திருப்பிக் கொண்டுவந்ததாகும். ஆகவே தரவை மட்டும் மீட்டு, அதனைத் தாங்கும் இயந்திரத்தைப் புதிதாக அமைப்பதே முறை. காப்புச் சர்வர் அன்று பிழைத்தது பெரும் பேறு. இத்தகைய விஷமிகள் முதலில் தேடிச் செல்வது காப்புப் பிரதிகளையே என்பதனால், பிரதிகளுள் ஒன்றேனும் வலையமைப்போடு தொடர்பற்றும், அன்றாட நிர்வாகியின் கடவுச்சொல்லுக்கு எட்டாமலும் இருக்க வேண்டும்.

செல்வமிக்க நாடுகளிலும் இக்குறை நீங்கவில்லை. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், பிரதி எடுக்கும் நிரலே பிழைபட்டு, 77 டெராபைட் அளவுள்ள சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகளை அழித்தது. பாதிக்கப்பட்ட 14 ஆராய்ச்சிக் குழுக்களுள் நான்கின் தரவை மீட்க வழியில்லை. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி தென் கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அரசாங்க ஊழியர்கள் பயன்படுத்திவந்த 858 டெராபைட் கோப்புக் களஞ்சியம் அதில் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளியில் பிரதி வைக்கப்படவில்லை.

இனி, நமது கருத்தைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். பொதுமக்களின் உரிமை அடங்கிய பதிவேடுகளை முழுமையாகப் பழைய கணத்துக்குத் திருப்புவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். வட்டு அழிந்தபோது வேறு வழியில்லை. ஆனால் செய்தி மட்டும் கெட்டபோது வழி உண்டு. புதன்கிழமை காலை 10 மணி 42 நிமிடத்துக்கு ஓய்வூதியப் பட்டியல் ஒன்று தவறான கட்டளையால் கெட்டது என்றும், மாலை நான்கு மணிக்கே அது கண்டுபிடிக்கப்பட்டது என்றும் கொள்வோம். தரவுத்தளம் முழுவதையும் 10 மணி 41 நிமிடத்துக்குத் திருப்பினால், இடையில் நேர்மையாகச் செய்யப்பட்ட ஐந்து மணி நேர வேலை முழுவதும் மறையும். அதற்குப் பதிலாக, 10 மணி 41 நிமிடத்து நிலையை வேறொரு கணிப்பொறியில் தோற்றுவித்து, கெட்ட பட்டியலை மட்டும் அதனோடு ஒப்பிட்டுத் திருத்தலாம்.

இதற்குப் பொறியாளர்கள் கூறும் தடை வலிமையற்றதன்று. முழுமையாகத் திருப்பினால் கிடைப்பது, ஒரு கணத்தில் உண்மையில் இருந்த நிலை. அதன் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்பது உறுதி. துண்டாக எடுத்துத் தைத்தால், உலகில் எக்கணத்திலும் இருந்திராத ஒரு கலவை தோன்றும். ஓய்வூதியர் பட்டியல் காலையைச் சேர்ந்ததாகவும் பட்டுவாடா ஏடு மாலையைச் சேர்ந்ததாகவும் நின்று, இரண்டுக்கும் இடையே தொடர்பு அறுந்துபோகலாம். இது மெய்யே. துண்டு துண்டாகத் திருத்துவது கடினமும் காலதாமதமும் உடையது. துறையின் அலுவல் முறையை அறிந்தவர் பொறியாளரோடு அருகில் அமர்ந்து செய்ய வேண்டுவது. ஆயினும், முழுத் திருப்பத்தினால் பொறியாளருக்கு மிச்சமாகும் உழைப்பு, வரிசையில் நின்று பதிவு செய்துவிட்டு வீடு திரும்பிய ஆயிரம் பேருடைய தலையில் ஏற்றப்படுகிறது. எந்தச் சுமை யாருக்கு என்பதை முடிவு செய்யும் பொறுப்பை இரவுப் பணியிலிருக்கும் தொழில்நுட்ப ஊழியர் ஒருவரிடம் விட்டுவிடுவது அவருக்கும் நியாயமன்று. எந்தக் கணத்துக்குத் திரும்புவது என்பதைத் துறைத் தலைவர் எழுத்து மூலம் ஆணையிட வேண்டும்.

முழுத் திருப்பம் தவிர்க்க முடியாததாகி விட்டால், மறைந்த நேரத்தை அறிவிப்பது கடமையாகும். நாடாளுமன்றம் 2023-ஆம் ஆண்டில் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு பிறர் கைக்குப் போவதை மட்டுமன்றி, தற்செயலாக அழிவதையும் எட்டாமற்போவதையும் மீறல் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. இவ்வரையறையின் பொருள் நம் அலுவலகங்களில் இன்னும் உணரப்பட்டதாகத் தெரியவில்லை. திருட்டு நிகழ்ந்தால்தான் செய்தி என்ற மனப்பான்மையே நிலவுகிறது. “சில தொழில்நுட்பக் காரணங்களால் சேவை தடைப்பட்டது, தற்போது சீராகிவிட்டது” என்னும் வழக்கமான அறிவிப்பு, தன் விண்ணப்பம் மறைந்துபோனதை அறியாமல் மூன்று மாதம் காத்திருக்கப்போகும் மனிதருக்கு ஒன்றையும் சொல்வதில்லை. எந்தத் தேதியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை செய்த பதிவுகள் இல்லை, கையிலுள்ள சீட்டைக் கொண்டுவந்து யாரிடம் காட்ட வேண்டும், அச்சீட்டு சான்றாக ஏற்கப்படுமா என்ற மூன்றையும் அறிவிப்பு சொல்ல வேண்டும். இக்காரணத்தாலேயே, காகிதச் சீட்டை அறவே ஒழித்துவிட வேண்டும் என்று இக்காலத்தில் எழும் ஆர்வத்தை நாம் முழுமனத்தோடு ஏற்பதற்கில்லை. பதிவேடு பின்னோக்கிச் சென்ற நாளில், முன்னோக்கிச் சென்றதற்குச் சாட்சியாக நிற்பது அந்தத் துண்டுக் காகிதம் ஒன்றே.

மீட்டுப் பார்க்கும் ஒத்திகைக்குச் செலவு மிகும் என்று சிலர் கூறுவர். வேண்டுவது, முதன்மைத் தரவுத்தளத்தைக் கொள்ளும் அளவுக்கு வட்டுள்ள இன்னொரு கணிப்பொறியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான். பிரதியை ஏற்றி, நடப்புப் பதிவுகளைக் குறித்த மணிவரை ஓட்டி, அன்று அம்மணியில் அச்சிட்ட சீட்டுகளிற் பத்தினை எடுத்து, அவற்றுக்குரிய பதிவுகள் அங்கு இருக்கின்றனவா என்று துறை ஊழியர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். பிடித்த நேரமும் காணாத பதிவுகளும் ஒரு தாளில் எழுதப்பட்டுத் துறைத் தலைவரின் கையொப்பம் பெற வேண்டும். தணிக்கையாளர் அடுத்த முறை வரும்போது, குறியிட்ட கட்டத்துக்குப் பதிலாக அத்தாளைக் கேட்கட்டும்.